வற்றிய ஆற்றில் பதினெட்டாம் பெருக்கு: பண்பாடு என்று எதைச் சொல்கிறோம்?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, போட்டித் தேர்வுக்குப் படித்துவருவதாகச் சொல்லும் ஒருவர், பண்பாடு என்றால் என்ன, மனித சமுதாயத்தில் அதன் இயல்புகள் எவை என்று கேட்டிருக்கிறார். கேள்வி இவ்வளவோடு நின்றிருந்தால் எந்தப் பாடநூலும் விடை சொல்லிவிடும். நான் எழுதவே வந்திருக்கமாட்டேன். ஆனால் அவர் கீழே இன்னொரு செய்தியும் சேர்த்திருக்கிறார். பாமணியாற்றில் தண்ணீர் வராத ஓர் ஆண்டு, ஆடிப் பதினெட்டன்று அவருடைய அம்மா தெருக்குழாயடியில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காப்பரிசியும் காதோலை கருகமணியும் படைத்து, பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாராம். 'ஆறே இல்லாத இடத்தில் ஆற்றுக்குச் செய்யும் பூசை பண்பாடா, காரணம் செத்துப்போன வெறும் பழக்கமா?' என்பதுதான் அவர் உண்மையில் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. வரையறை, இயல்புகள், இந்தக் குழாயடி ஆகிய மூன்றையும் சேர்த்தே பேசினால்தான் விடை முழுமை பெறும். நான் காவிரி டெல்டாவில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் சமூகவியல் நடத்தியவன். தொல்லியலிலும் மொழிநூலிலும் எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே என்பதால், எந்த வழக்கம் எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்ற வாதத்திற்குள் இறங்கமாட்டேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். இன்று நாம் சரளமாக வழங்கும் 'பண்பாடு' என்ற சொல் இந்தப் பொருளில் பழந்தமிழ்ச் சொல் அன்று. கல்ச்சர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக அதை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்று தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை எழுதியிருக்கிறார். அதற்குமுன் 'பண்பு' இருந்தது. 'பண்பெனப் படுவது பாடறிந் தொழுகல்' என்பது கலித்தொகை. பிறருடைய இயல்பை அறிந்து அதற்கேற்ப நடப்பது என்று அதற்குப் பொருள். ஆங்கிலச் சொல்லின் வேர், நிலத்தை உழுது பயிரிடுவதைக் குறிக்கும் இலத்தீன் சொல். நாமும் நிலத்தைப் 'பண்படுத்துகிறோம்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரு சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பண்பட்டவர், பண்படாதவர் என்று ஆளைத் தரம் பிரிக்கும் தொனி அவற்றோடு ஒட்டியே வருகிறது. சமூகவியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்தத் தரம் பிரிக்கும் பொருளை நீக்கிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டது. வீணை வாசிப்பவருக்கும் வரப்பு வெட்டுபவருக்கும் பண்பாடு ஒரே அளவில் உண்டு. 'அவனுக்குப் பண்பாடே இல்லை' என்ற பேச்சு திண்ணைக்குப் பொருந்தும். இந்தப் பாடத்திற்குப் பொருந்தாது.

இந்தப் பொருளில் முதல் தெளிவான வரையறையைத் தந்தவர் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கநெறி, சட்டம், வழக்கம் ஆகியவற்றோடு, சமுதாயத்தின் உறுப்பினன் என்ற முறையில் மனிதன் பெற்றுக்கொள்ளும் பிற திறன்களையும் பழக்கங்களையும் உள்ளடக்கிய சிக்கலான முழுமையே பண்பாடு என்று அவர் 1871இல் எழுதினார். அதன்பிறகு வரையறைகள் பெருகி, 1952இல் அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆல்ஃபிரட் குரோபரும் கிளைட் குளுக்கானும் தொகுத்தபோது 164 தேறின. பண்பாடு மக்களின் நடத்தையில் இருக்கிறதா, அந்த நடத்தைக்கு அவர்கள் தரும் பொருளில் இருக்கிறதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இருந்தும் 150 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலான அறிஞர்கள் கைவிடாத ஒரு சொல் டைலரின் வாக்கியத்தில் இருக்கிறது. அது 'பெற்றுக்கொள்ளும்' என்பது. பாடநூல்கள் பண்பாட்டின் இயல்புகளைக் கற்கப்படுவது, பகிரப்படுவது, கடத்தப்படுவது, குறியீடுகளால் ஆனது, ஒருங்கிணைந்தது, மாறுவது என்று ஒரே உயரத்தில் வரிசையாக நிறுத்துகின்றன. நான் ஆண்டுதோறும் அப்படித்தான் நடத்தினேன். தேர்வுக்கு அதுதான் வசதி. ஆயினும் என் துணிபு வேறு. கற்கப்படுவது என்பதுதான் வேர். மற்றவை அனைத்தும் அதிலிருந்து கிளைத்தவை.

பசிப்பது உடலின் வேலை. வாழையிலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் வரவேண்டும் என்பது எந்த உடலிலும் எழுதியிருக்கவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளை 'போறேன்' என்றால் பாட்டி பதறிப்போய் 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்துகிறாளே, அந்தத் திருத்தத்திற்கு இலக்கணப் புத்தகம் கிடையாது; நான்கு வயதுக்குள் பாடம் முடிந்துவிடுகிறது. இதைவிட ஆழமான எடுத்துக்காட்டு நம் உறவுமுறை. மாமன் மகள் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை. இருவரும் இரத்த நெருக்கத்தில் ஒரே தொலைவில் இருப்பவர்கள். ஆயினும் முதல் உறவில் திருமணப் பேச்சு எடுத்தால் வீடு சிரிக்கிறது, இரண்டாவதில் எடுத்தால் வீடு அதிர்கிறது. வடஇந்திய இந்துக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றில் இந்த இருவருமே தங்கைகள். நம் முறைப்பெண் வழக்கம் அவர்களுக்கு அருவருப்பாகத் தோன்றும். இயற்கையாக எழுவதுபோல் நமக்குள் எழும் கூச்சமும் அதிர்ச்சியும்கூடக் கற்றுக்கொண்டவைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே 'இது எங்கள் இரத்தத்தில் ஊறியது' என்று ஒருவர் பண்பாட்டைப் பற்றிப் பேசினால், அதை அணியாக எடுத்துக்கொள்ளலாமே தவிர உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த அன்றே வேறொரு நாட்டுக்குத் தத்துப் போன குழந்தை அந்த நாட்டின் மொழியில்தான் கனவு காணும்.

கற்பதற்குக் கற்பிப்பவர் வேண்டும். ஆகவே பண்பாடு ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. பகிரப்படுவது என்ற இயல்பு இங்கிருந்து வருகிறது. 'மூணு மா நடவு முடிஞ்சுது' என்று ஒருவர் சொன்னால் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் எவரும் மறுபடி கேட்பதில்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்ற கணக்கு, அரசின் ஆவணங்கள் ஹெக்டேருக்கு மாறி இத்தனை ஆண்டுகள் ஆனபிறகும் வாய்வழியே வாழ்கிறது. ஆனால் பகிரப்படுவது என்பதைச் சமமாகப் பகிரப்படுவது என்று எவரும் படித்துவிடக் கூடாது. நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே பெண்கள் பாடும் நடவுப் பாட்டு நிலத்துக்காரருக்குத் தெரியாது. அவர் வீட்டு மடிசாரும் ஆசாரமும் நடவாளுக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்து எழுதினார். அக்ரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் தம்மால் எளிதாகப் போய்வர இயலவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆய்வாளர் எந்தத் தெருவில் படுத்துறங்குகிறாரோ அந்தத் தெருவின் பண்பாடுதான் அவர் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும். ஓர் ஊரின் பண்பாடு என்று எவராவது எழுதியதைப் படிக்கும்போது, எந்தத் தெருவிலிருந்து எழுதினார் என்று நான் முதலில் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

கற்றுக்கொள்ள முடியுமென்றால் அடுத்தவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள முடியும். நம் டெல்டா இதற்குப் பாடநூலே எழுதலாம். கர்நாடகக் கச்சேரியில் இன்று வயலின் இல்லாத மேடையைக் காண்பது அரிது. அது ஐரோப்பியக் கருவி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் திருவாரூர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமியும், தஞ்சை நால்வர் எனப்படும் இசை, நடனக் கலைஞர்களான சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் முதன்மையானவர்கள். திருவையாற்றுக் காவிரிக்கரையில் ஆண்டுதோறும் ஆராதனையில் ஒலிக்கும் தியாகராஜர் பாடல்களில் மிகப்பெரும்பாலானவை தெலுங்கு. மெலட்டூரில் தமிழ்க் கிராமத்தார் ஆடும் பாகவத மேளமும் தெலுங்கு நாடகம். நாயக்கர் காலமும் மராட்டியர் காலமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்ததைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டு வரும் கிறித்தவரைப் பார்த்து எவரும் வியப்பதில்லை. இங்கே உறுதியானதையும் கதையையும் பிரித்துச் சொல்லவேண்டிய ஓரிடம் உண்டு. சாம்பார் தஞ்சை மராட்டியர் அரண்மனையில், சிவாஜியின் மகன் சாம்பாஜி வந்த விருந்தில் பிறந்தது என்பார்கள். அதற்கு ஆவணச் சான்று காட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை, சுவையான கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாம்பாரில் விழும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதும், போர்ச்சுகீசியர் வழியாக 1500க்குப் பிறகே இங்கு வந்தது என்பதும் உறுதி. அதற்குமுன் நம் உறைப்புக்கு மிளகுதான். 'எங்கள் பாரம்பரியச் சமையல்' என்று நாம் மார்தட்டும் சட்டியில் பாதிப் பொருள்கள் விருந்தாளிகள்!

இயல்புகளில் மாணவர்கள் மிக மேலோட்டமாக எழுதிவிட்டுப் போவது ஒருங்கிணைவு என்பதை. பண்பாட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று ஒரு வரி எழுதுவார்கள். அறுவடை இயந்திரம் வந்த கதையைச் சொன்னால் இது விளங்கும். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கதிர் அரிவாளின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வேலை விரைவாயிற்று, ஆள் கிடைக்காத தொல்லை தீர்ந்தது, இவை உண்மை. ஆனால் நெல் வயலிலேயே மூட்டையாகிவிட்டதால் கட்டடிக்கும் களத்துமேடு தேவையற்றுப் போயிற்று. களம் போனதும், அங்கேயே மரக்காலால் அளந்து கொடுத்த கூலி நெல் போய்ப் பணக்கூலி வந்தது. வண்ணார், நாவிதர், வெட்டியான் என ஊர் ஊழியம் செய்தவர்களுக்குக் களத்தில் ஒதுக்கிய பங்கும் போயிற்று. அதோடு, பங்கு வாங்குகிறவர் குனிந்து நிற்கவேண்டும் என்ற ஏற்பாடும் தளர்ந்தது. முழு வைக்கோல் குறைந்தது, போர் போடுவது குறைந்தது, மாடு வளர்ப்பது குறைந்தது, மாட்டுப் பொங்கலன்று சில தெருக்களில் கொம்புக்கு வண்ணம் பூசத் தேடித்தான் மாடு பிடிக்கவேண்டியிருக்கிறது. ஓர் இயந்திரம் வயலுக்குள் இறங்கியதும் கூலி, சாதி, கால்நடை, பண்டிகை என்று எத்தனை முடிச்சுகள் நெகிழ்ந்தன! நெகிழ்ந்தவற்றில் எதற்காக வருந்துவது, எதற்காக மகிழ்வது என்பது நாம் எந்தப் பக்கம் நின்றிருந்தோம் என்பதைப் பொறுத்தது.

பொருள்சார் பண்பாடு, பொருள்சாராப் பண்பாடு என்ற பிரிவும் இதே பின்னலின் இரு முகங்கள்தாம். கல்லணை பொருள். ஆனால் கல் கிடப்பதால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடாது. தலைமடைக்காரர் எத்தனை நாள் மடை திறக்கலாம், வாய்க்காலை எவர் தூர்வாருவது என்ற ஒப்புதலும் கூடவே வேண்டும். ஊரே கூடி வாய்க்காலைப் பராமரிக்கும் அந்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். அது தானாக நடப்பது நின்றபோது, வேலைக்கு வராதவர்களிடம் தண்டம் வசூலிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். வழக்கம் தளரும் இடத்தில் சட்டம் நுழைவது எல்லாச் சமுதாயங்களிலும் காணக்கூடியது. பொருளும் கருத்தும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. கருவி முன்னால் ஓடும், வழக்கமும் மதிப்பும் பின்னால் நடந்துவரும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் 1922இல் எழுதினார். பண்பாட்டுப் பின்னடைவு என்று பாடநூல்கள் சொல்வது அதைத்தான். கைப்பேசியில் வரன் தேடி, அதே கைப்பேசியில் சாதிப் பிரிவைக் குறித்து வடிகட்டும் நம் வீடுகளைத் தாண்டி வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

பண்பாடு என்ற சொல்லைப் புகழ்ச்சியாக மட்டும் வழங்கும் பழக்கத்தால் மறைந்துபோகும் ஒன்றையும் சொல்லவேண்டும். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. இவையும் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு, பகிரப்பட்டு, அடித்தவரும் அடிபட்டவரும் 'இதுதான் முறை' என்று பழகிக்கொண்டவை. வரையறைப்படி இவையும் பண்பாட்டுக்குள்ளேயே அடங்கும். நாகைக்கு அருகே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நெருப்பு ஒரு சிலர் கையிலிருந்து வந்தது. அதை வைக்கலாம் என்ற துணிவு நெடுங்காலப் பயிற்சியிலிருந்து வந்தது. ஒரு பண்பாட்டை அதன் உள்ளிருந்து புரிந்துகொள்ள வேண்டும், நம் அளவுகோலைக் கொண்டு தாழ்த்தக் கூடாது என்று ஃபிரான்ஸ் போவாஸ் வழிவந்த மானிடவியலாளர்கள் வற்புறுத்தினார்கள். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் புரிந்துகொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. கற்றுக்கொண்டதை விட்டுவிடவும் முடியும் என்பது, பண்பாடு கற்கப்படுவது என்ற முதல் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. சாணிப்பால் போயிற்று, அதனால் தஞ்சைப் பண்பாடு அழிந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை.

மனிதனுக்கு மட்டுமே பண்பாடு உண்டா என்ற கேள்வியில் மட்டும் என் உறுதி சற்றுக் குறைவு. ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் ஓர் இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்க, மெல்ல மெல்ல அந்தக் கூட்டத்தில் பலவும் அப்படியே செய்யத் தொடங்கின. இதைப் பண்பாடு என்று அழைக்கலாம் என்போரும் உண்டு, கூடாது என்போரும் உண்டு. மாணவர் எழுதத்தக்க வேறுபாடு, மனிதரிடம் கற்றது அடுக்கடுக்காகச் சேர்கிறது என்பது. சுவாமிமலையில் மெழுகுக்கு மேல் காவிரி வண்டலைப் பூசி உருவம் வார்க்கும் ஸ்தபதி, பல நூறு ஆண்டுகளாக எத்தனையோ பேர் தவறு செய்து திருத்தியதன்மேல் நின்று தொடங்குகிறார்; அவர் மெழுகிலிருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தச் சேமிப்பைச் சாத்தியமாக்குவது மொழி.

இனி அந்தத் தெருக்குழாய். குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, ஆடியில் காவிரி நுங்கும் நுரையுமாகப் பெருகி வருவதும், அதை நம்பி விதை விடுவதும்தான் இந்தப் பண்டிகையின் வயிற்றுக் காரணம். அந்தக் காரணம் சென்ற ஆண்டோ முந்தின ஆண்டோ சாகவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தபோதே அது பாதி மாறிவிட்டது. அன்றிலிருந்து ஆடியில் ஆறு பெருகுவது மழையை மட்டுமல்லாமல் மதகையும் பொறுத்ததாயிற்று. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12இல் அது திறக்கப்படாத ஆண்டுகள் பல. அப்போதெல்லாம் பெண்கள் கிணற்றடிக்கும் பம்புசெட்டுக்கும் போனார்கள். இப்போது குழாய்க்கு வந்திருக்கிறார்கள். புதுமணப் பெண்ணுக்குத் தாலி மாற்றுவதும், கல்யாண மாலையை நீரில் விடுவதும், குழந்தைகள் சப்பரம் இழுப்பதும் நெல்லோடு தொடர்பற்ற காரியங்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்த பெண்ணை அந்தத் தெருவின் பெண்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளும் வேலையை அவை செய்கின்றன. ஆறு வற்றினாலும் அந்த வேலை வற்றுவதில்லை. மஞ்சள் கயிறு குறியீடாக இருப்பதால்தான் இந்த இடமாற்றமே நடக்கிறது. குறியீட்டுக்கு நீர் போதும், ஆறு இல்லாமலும் சமாளிக்கும். ஆகவே உங்கள் அம்மா செய்தது பண்பாடுதான் என்று தயங்காமல் சொல்வேன். தொடக்கக் காரணம் மறைந்தபின் ஒரு வழக்கம் வேறு வேலை தேடிக்கொண்டு வாழ்வது விதிவிலக்கே இல்லை. அப்படி வேலை கிடைக்காத வழக்கம் எவரும் ஆணையிடாமலே இரண்டு தலைமுறைக்குள் நின்றுவிடுகிறது. ஊரில் நின்றுபோன நோன்புகளைப் பாட்டியிடம் கேட்டால் ஒரு பட்டியலே தருவாள்.

தேர்வுத் தாளில் டைலரையும், ஆக்பர்னையும், இயல்புகளின் வரிசையையும் எழுதுங்கள்; மதிப்பெண் அதற்குத்தான். எனக்காக ஒன்று செய்ய முடியுமானால், காப்பரிசியில் எள் போடவேண்டும், மாவிளக்கு வேண்டாம் என்பது போன்ற விவரங்களை அம்மா எவரிடம் கற்றார் என்று கேட்டுப் பாருங்கள். தம் தாயிடம் கற்றதா, இந்த வீட்டுக்கு வந்தபின் மாமியாரிடம் கற்றதா? இரண்டும் வேறுபட்டபோது எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார்? முப்பது ஆண்டுகள் நான் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்; 'எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்' என்று எழுதிக்கொண்டு வந்த மாணவிகள், இரண்டாம் முறை கேட்டுவரச் சொன்னபோது கொண்டுவந்த விடைகள் முதல் விடையைவிட மூன்று மடங்கு நீளமாக இருந்தன.